செம்மறியும் சுண்டெலியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. நெல் விளையும் நாஞ்சில் நாட்டிலே பிறந்த எமக்கு இம்மொழியின்மீது ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை. எம் அன்னையார் அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து, விரலிடை வைத்து நசுக்கிப் பார்த்துப் பானையை இறக்குதலை நாடோறுங் கண்டே வளர்ந்தோம். ஆயின் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசித் திங்களில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று, இம்முதுமொழி எவ்விடத்துச் செல்லும், எவ்விடத்துச் செல்லாது என்பதை எமக்கு உணர்த்திற்று. அந்நிகழ்ச்சியால் ஏழை முதியவர் ஒருவர்க்குப் பொருள் நட்டம் உண்டாயிற்று. எமக்கு அறிவு உண்டாயிற்று. பிறர் பொருளாற் பெற்ற அறிவை எம்மிடத்தே வைத்துக்கொள்ளுதல் முறையன்று எனக் கருதி இதனை வரைகின்றோம்.

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் தாளும் தூருமாய்க் கிடக்குங் காலத்தில், பாண்டி நாட்டு இடையர்கள் தம் செம்மறி மந்தைகளை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்நாட்டிற்கு ஓட்டிவருவர். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் அவ்வயலிலேயே வளைத்து அடைப்பர். இதனைக் கிடை போடுதல் என்பர். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். நிலமுடையார் அதற்குக் கூலி அளிப்பர். இரசாயன உரம் மலிந்த இக்காலத்தில் அவ்வழக்கம் பெரிதும் சுருங்கிவிட்டது. கணவாயில் இன்று கண்ணுக்குத் தோன்றுவன மந்தைகள் அல்ல, காற்றாலைகளே. ஆயினும் தோவாளைப் பக்கத்திலுள்ள எம் வயலுக்கு, எம் பாட்டனார் காலந்தொட்டுக் கிடை கொணருங் குடும்பத்தார் இன்னும் வருகின்றனர். அவர்களுள் மூத்தவரை யாம் "பாட்டா" என்றே அழைப்போம். தம் ஆடுகளுள் எது எதன் குட்டி என்பதை இருளிலுஞ் சொல்ல வல்லவர் அவர். ஞாயிறுதோறும் நல்ல மேய்ப்பனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கு, அச்சொல்லின் பொருள் அவரைக் கண்டபோதே விளங்கிற்று.

ஒருநாள் மாலையில் யாம் கிடையருகே நின்றிருந்தபோது, பெட்டையாடு ஒன்று வரப்போரத்துப் பனைமரத்தில் தன் விலாவை ஓயாது உராய்ந்துகொண்டிருத்தலைக் கண்டோம். மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. அதன் முதுகைச் சொறிந்து பார்த்தோம். ஆடு தலையை நிமிர்த்தி, எதையோ மெல்லுவதுபோல் உதடுகளை அசைத்தது. எம் உள்ளம் துள்ளிற்று. ஏனெனில் அதற்கு முந்திய வாரந்தான் விலங்கியல் வகுப்பில் ஸ்கிரேப்பி என்னும் ஆட்டு நோயைப் பற்றிக் கேட்டிருந்தோம். அஃது ஆட்டின் மூளையைப் பஞ்சுபோல் துளைப்பது, அரிப்பினால் ஆட்டை மரத்திலும் வேலியிலும் உராயச் செய்வது, நாட்பட நடையைத் தள்ளாடச் செய்து கொல்வது, மருந்தில்லாதது, மந்தையிற் பரவுவது. கேட்டதெல்லாம் கண்முன் வந்து நிற்பதாகத் தோன்றவே, சிறிதும் தாமதியாது, அறிந்த அனைத்தையும் பாட்டாவிடங் கூறிவிட்டோம். அவர் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. "படிச்ச பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று அவர் தம் மகனிடங் கூறியது எம் செவியிற் பட்டது. அதனால் எமக்குப் பெருமையுண்டானதையும் இங்கே ஒளியாது சொல்லுதல் வேண்டும்.

மூன்றாம் நாள் அவ்வாடு கிடையில் இல்லை. பால்குடி மறவாத குட்டியுடன் அதனைப் பாதி விலைக்கும் குறைவாக ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டார் என்று அறிந்தோம். மந்தை முழுதும் அழிந்துபோமோ என்னும் அச்சத்தால் அவர் இரவில் உறங்கவில்லை என்பதையும் அவர் மகன் சொல்லக் கேட்டோம். பின்னும் இரண்டு ஆடுகள் உராயத் தொடங்கவே, அவற்றை அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயினர், யாமும் உடன்சென்றோம். மருத்துவர் தோலின் ஓரத்தைச் சிறு கத்தியாற் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பின்னர் எம்மையும் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சிகள் அங்கே ஊர்ந்துகொண்டிருந்தன. அரிப்புண்ட எந்த ஆடும் முதுகைச் சொறிந்தால் உதட்டை அசைக்கும் என்பதையும் அவர் விளக்கினார். ஊசி மருந்து இருமுறை போடப்பட்டது. ஒரு திங்களுக்குள் அவ்விரண்டும் நலமடைந்து மயிர் முளைக்கப் பெற்றன. விற்கப்பட்ட ஆடும் அங்ஙனமே நலம் பெற்றிருக்கும்.

இவ்வெட்கமே எம்மை மீண்டும் நூல்களிடம் ஓட்டிற்று. எம் பிழை எத்தகையது என்று அறிதலே அப்போது எம் நோக்கம். அங்கே யாம் கண்டதோ வேறொன்று. புறக்குறியைக் கண்டு அகத்தை முடிவு செய்யும் மயக்கத்தினின்று விடுபடுதற்கு, ஸ்கிரேப்பியை ஆராய்ந்த பேரறிஞர்களே பல பத்தாண்டுகள் உழைத்துள்ளனர். அவ்வுழைப்பின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுதும்.

இந்நோய் ஐரோப்பிய ஆடுகளில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அது தொற்றக்கூடியது என்பதை 1936ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் துலூசு நகரத்துக் குய்யே, ஷெல் என்னும் இருவர் மெய்ப்பித்தனர். நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நலமுள்ள ஆட்டின் உடலிற் செலுத்தி, ஓராண்டிற்கு மேலுங் காத்திருந்து அவர்கள் இதனைக் கண்டனர். அக்காலத்திலேயே ஸ்காட்லாந்தில் ஒரு விபத்தும் நேர்ந்தது. 1935இல், வேறொரு நோய்க்கென்று ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்து சுமார் 18,000 ஆடுகளுக்குப் போடப்பட, அவற்றுட் பலவற்றிற்கு ஈராண்டு கழித்து ஸ்கிரேப்பி தோன்றிற்று. கிருமிகளைக் கொல்லும் பார்மலின் சேர்ந்திருந்தும் இந்நோயின் வித்து அழியவில்லை. 1967இல் டிக்வா ஆல்ப்பர் என்னும் பெண்மணியார், மரபுச் செய்தியைத் தாங்கும் நியூக்ளிக் அமிலத்தை அழிக்கும் கதிர்களாலும் இவ்வித்து அழியாமையைக் காட்டினார். 1982இல் ஸ்டான்லி புரூசினர், இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் அன்று, வைரசும் அன்று, ஒரு புரதமே என்று கூறி, அதற்குப் பிரியான் எனப் பெயரிட்டார். பலர் நகைத்தனர்; ஆயினும் 1997இல் அவர்க்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இப்புரதம் அயலிடத்திலிருந்து வருவதன்று. ஆட்டின் நரம்பணுக்களில் இயல்பாகவே இருப்பது. அமினோ அமிலங்கள் 200க்கு மேற்பட்டவை கோவையாகத் தொடர்ந்து, குறித்த ஒரு முறையில் மடிந்து நிற்பதே அதன் நல்ல வடிவம். அதே கோவை வேறு முறையில் மடியுமாயின் நோய் வடிவமாகும். நோய் வடிவம் பெற்ற ஒன்று, தன்னை அடுத்த நல்ல புரதத்தையுந் தன்னைப்போல மடியச் செய்யும். அங்ஙனம் ஒன்று பலவாகி மூளையை அழிக்கும்.

இங்கேதான் பெரியதோர் ஐயம் எழுந்தது. 1961இல் பாட்டிசன், மில்சன் என்னும் ஆங்கில அறிஞர்கள் ஸ்கிரேப்பியை வெள்ளாடுகளுக்கு ஏற்றியபோது, சில ஆடுகள் ஓயாது சொறிந்தன. வேறு சிலவோ சொறியாமல் தூங்கி வழிந்தன. சொறியும் ஆட்டிலிருந்து எடுத்ததைச் செலுத்தினால் சொறிதலும், தூங்கும் ஆட்டிலிருந்து எடுத்ததைச் செலுத்தினால் தூங்குதலுமே தொடர்ந்தன. அவ்வாண்டிலேயே சாண்ட்லர் என்பார் நோயைச் சுண்டெலிக்கு ஏற்றினார். அதன்பின் எடின்பரோவில் டிக்கின்சன், பிரேசர், மொய்ரா புரூஸ் முதலியோர், நோய் வெளிப்பட ஆகும் நாட்களையும், மூளையின் எவ்வெப்பகுதி எவ்வளவு துளைபடுகிறது என்பதையும் அளந்து, ஸ்கிரேப்பியில் பல ரகங்கள் உண்டு என்று நிறுவினர். நெல்லில் ரகம் உண்டு; அதற்குக் காரணம் மரபணு. வைரசில் ரகம் உண்டு. அதற்குங் காரணம் அதுவே. மரபணுவே இல்லாத வெறும் புரதத்தில் ரகம் எங்ஙனம் உண்டாகும்? பிரியானை நம்பாதார் எழுப்பிய வினாக்களுள் வலிமை மிக்கது இதுவே.

இதற்கு விடை நம் ஊர்ப் பனையடியிலே கிடக்கின்றது. ஒரே குருத்தோலையைப் பட்டையாக மடித்தால் அதிற் பதநீர் பருகலாம். விசிறியாக மடித்தால் காற்று வாங்கலாம். பெட்டியாக முடைந்தால் கருப்பட்டி வைக்கலாம். ஓலை ஒன்றே, மடிப்பே வேறு. மடிப்பு வேறாகவே தொழிலும் வேறாயிற்று. பெட்டி முடையக் கற்கும் சிறுமி முன்னிருக்கும் பெட்டியைப் பார்த்தே அடுத்ததை முடைவாள். பட்டை பார்த்துப் பெட்டி வாராது. பிரியானும் அவ்வாறே தன் மடிப்பையே அடுத்ததற்குக் கற்பிக்கின்றது. இது வெறும் உவமை அன்று. 2021, 2022ஆம் ஆண்டுகளில், உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஸ்கிரேப்பி வழிவந்த இரு ரகங்களின் வடிவங்கள் படமெடுக்கப்பட்டன. இரண்டும் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட நார்களாய் இருந்தன. ஆயினும் மடிப்பின் நுட்பம் ஒன்றற்கொன்று வேறாயிருந்தது.

இனி, தலைப்பிற் கண்ட சுண்டெலியின் பெருமையைச் சொல்லுவோம். பழைய ஆராய்ச்சியில் ஒரு குறையிருந்தது. ஆட்டின் நோய் எளிதில் எலியைப் பற்றுவதில்லை. இரண்டின் புரதக் கோவைகளும் சிறிது வேறுபடுதலின் இடையே ஒரு தடை நிற்கின்றது. சில ரகங்கள் தடையைத் தாண்டமாட்டா. தாண்டியவையும் தம் பழைய குணத்தோடு இருப்பனவோ, புதிய வீட்டிற்கேற்ப மாறியவையோ என்று துணிதல் அரிது. 1989இல் புரூசினர் குழுவினர் வெள்ளெலி இனத்து மரபணுவைச் சுண்டெலியில் ஏற்றி, அத்தடை நீங்குதலைக் காட்டினர். 1993இல் சூரிக் நகரத்தில் வைஸ்மன் குழுவினர், இப்புரதத்தின் மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளுக்கு ஸ்கிரேப்பி பற்றாமையைக் கண்டனர். ஓலையே இல்லாத வீட்டில் யாது முடைய இயலும்? இவ்விரண்டையும் இணைத்து, எலியின் சொந்த மரபணுவை நீக்கி, ஆட்டின் மரபணுவை வைத்த சுண்டெலிகள் உண்டாக்கப்பட்டன. பிரெஞ்சு நாட்டில் 2001இல் விவரிக்கப்பட்ட ஒரு வகைச் சுண்டெலி இவற்றுட் புகழ்பெற்றது. உருவத்தால் எலி, ஆயினும் இந்நோயைப் பொறுத்தமட்டில் அது கையளவு செம்மறியே. ஆட்டில் ஆண்டுக்கணக்கிற் பதுங்கியிருக்கும் நோயின் சில ரகங்கள் அவ்வெலியில் இரண்டு திங்களளவில் வெளிப்படுகின்றன.

இச்சுண்டெலிகள் சொல்லிய சான்றுகள் வியப்புக்குரியன. ஒரே நோய்க்குறி காட்டிய ஆடுகளிலிருந்து எடுத்தவை, எலிகளில் வெவ்வேறு ரகங்களாகப் பிரிந்து நின்றன. அம்மட்டோ! ஒரே ஆட்டின் மூளையிலேயே ஒன்றற்கு மேற்பட்ட ரகங்கள் கலந்திருத்தலும் புலனாயிற்று. எந்த ரகம் தலையெடுக்கும் என்பது, ஏற்கும் எலியிலுள்ள புரதத்தின் கோவையையும் அளவையும் பொறுத்தது. வித்தும் நிலமும் இரண்டும் நோக்கியே விளைவு சொல்லல் வேண்டும் என்று நம் உழவர் கூறுவது இங்கும் பொருந்தும்.

இவை ஆராய்ச்சிச்சாலையின் வேடிக்கைகள் மாத்திரம் என்று எண்ணற்க. ஆதியாகமத்தில் யாக்கோபு லாபானின் மந்தையிலே புள்ளியும் வரியுங் கண்டு ஆடுகளைப் பிரித்தான். இக்கால ஐரோப்பியரோ கண்ணுக்குத் தோன்றாத குறியால் பிரிக்கின்றனர். புரதக் கோவையின் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களில் எவ்வெவ் வமினோ அமிலங்கள் நிற்கின்றன என்று சோதித்து, நோயை எதிர்க்கும் கிடாய்களையே இனவிருத்திக்குக் கொள்ளுகின்றனர். பிரிட்டனில் இத்திட்டம் 2001இல் தொடங்கிற்று. பழைய ஸ்கிரேப்பி இம்முறையால் அடங்கிற்று. ஆனால் 1998இல் நார்வே நாட்டில் வேறொரு ரகம் கண்டுபிடிக்கப்பட்டது. அது வயது முதிர்ந்த ஆடுகளைப் பற்றுவது; அரிப்பு அருகியே தோன்றுவது; நடைத் தள்ளாட்டமே மிகுந்திருப்பது. பழைய ரகத்தை எதிர்த்து நின்ற ஆடுகளையும் அது விட்டுவைக்கவில்லை. ஒரு வாயிலை அடைத்துவிட்டு வீடே காப்பாயிற்று என்று உறங்கலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 2005இல் இந்த ரகம் ஆட்டு மரபணு ஏற்ற சுண்டெலிகளுக்குப் பற்றியதும், அதுவும் தொற்றவல்ல பிரியானே என்பது உறுதியாயிற்று.

மக்களுக்கும் இதனால் வரும் இடர் யாது எனின், அதனையுங் கூறுவோம். 1986இல் பிரிட்டனில் மாடுகளைப் பற்றிய பித்துநோய், இறைச்சியும் எலும்பும் அரைத்த தீவனத்தாற் பரவி, 1996இல் மனிதரிடத்துங் காணப்பட்டது. அந்நாட்டில் 170க்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். மாட்டின் நோயும் மனிதரின் அப்புதிய நோயும் ஒரே ரகம் என்பதை 1997இல் மொய்ரா புரூஸ் குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டே காட்டினர். ஸ்கிரேப்பி மனிதரைப் பற்றுவதாகச் சான்றில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாடுகளிடையே மக்கள் வாழ்ந்தே வந்திருக்கின்றனர். எனினும் 2014இல் மனித மரபணு ஏற்ற எலிகளுக்கு ஸ்கிரேப்பியின் சில மாதிரிகள் பற்றின. 2019இல், நார்வே ரகத்தை மாட்டு மரபணு ஏற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது, மாட்டுப் பித்துநோயின் ரகம் அங்கே தலைகாட்டிற்று. ஆதலின் ரகங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிதல் உயிர்காக்குங் கல்வியாகும். நம் பாரதநாடும் இக்கதைக்கு முற்றும் அயலன்று. 1961இல் இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் இந்நோய் இருந்ததாக ஸ்லாட்னிக், கட்டியார் என்னும் இருவர் எழுதியுள்ளனர். அவர்களும் ஆட்டின் உராய்தலை மாத்திரங் கண்டு எழுதினாரல்லர். மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே எழுதினர்.

அம்மூளை ஆராய்ச்சியை எண்ணுந்தோறும், பனையடியில் யாம் செய்த தீர்ப்பு எம் நினைவுக்கு வரும். அறிஞர்கள் ஒரு குறியைக் கண்டபின் மற்றொன்றைத் தேடினர்; நாட்களை எண்ணினர்; எலி ஒன்றில் கண்டதை மற்றோர் எலியில் வைத்துப் பார்த்தனர். பெயர் அறியாச் சுண்டெலிகள் எத்தனையோ இதன்பொருட்டு உயிர் துறந்தன; அவற்றை நினையாது அவ்வாராய்ச்சிகளைப் படித்தல் எமக்கு இயலவில்லை. யாமோ உராயும் ஓர் ஆட்டைக் கண்டோம். உதட்டசைவு ஒன்றைக் கண்டோம். ஒரு மாலைப் பொழுதில் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

அடுத்த ஆண்டு கும்பப்பூ அறுவடைக்குப் பின் மந்தை மீண்டும் வந்தது. யாம் சிறுகச் சேர்த்து வைத்திருந்த தொகையைக் கொண்டுபோய்ப் பாட்டாவின் முன் வைத்து, நிகழ்ந்தது எம் பிழை என்று சொன்னோம். அவர் அதனைக் கையாலுந் தொடவில்லை.

"காசு இருக்கட்டும் தம்பி. இனி ஆட்டைப் பாத்துட்டுச் சொல்லுங்க. படிப்பைப் பாத்துட்டுச் சொல்லாதீங்க" என்றார்.

அதன்பின் எம்மை அருகே அழைத்து, ஓர் ஆட்டின் விலாமயிரை விலக்கி, சொறி முதலில் எங்கே தோன்றும், முள் கிழித்த புண் எங்ஙனம் இருக்கும், உண்ணி கடித்த தடம் எது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சென்ற ஆண்டும் இவையெல்லாம் அவர்க்குத் தெரிந்தவையே. படித்த பிள்ளையின் சொல்லுக்கு எதிரே தம் கண்ணை நம்பத் துணியாமற் போனார், அவ்வளவே. அவர்க்கு யாம் செய்த தீங்குகளுள் ஆட்டின் விலையினும் இதுவே பெரிதென்று இன்று எண்ணுகின்றோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதந்தான். அப்பானையில் வெந்தது ஒரே நெல்லாயின். பல நெல் கலந்து வெந்த பானையில் ஒரு பருக்கை தன் செய்தியை மட்டுமே சொல்லும். எம் கல்லூரியிற் பயின்று, நாளை மருத்துவராகவும் ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் செல்லவிருக்கும் எம் தோழர்களின் சொல்லையும் எளியோர் நம்புவர். அச்சொல்லைச் சொல்லுமுன் இன்னும் ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பார்களாக.